மாவுச்சத்தும் தேக ஆரோக்கியமும்

ஸ்ரீமுஷ்ணம் சுற்றுப்புறங்களில் நஞ்சையில் நெல்லும் கரும்பும், புஞ்சையில் நிலக்கடலை, உளுந்து, கம்பு முதலியனவும் பயிராகின்றன. இவற்றுள் அரிசியைக் குதிரில் வைத்துக்கொண்டு, கடலையையும் உளுந்தையும் பெரும்பாலும் சந்தைக்கு அனுப்பும் குடியானவர்கள், தம் ஆகாரத்தைச் சற்று ஆராய்தல் நலம்.

தானியங்களிலும் கிழங்குகளிலும் உள்ள மாவுச்சத்தும், கரும்பிலும் வெல்லத்திலும் உள்ள சர்க்கரையும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவை. இவை ஒரு கிராமுக்குச் சுமார் 4 கலோரி சக்தியளிப்பன. ஜீரணமானபின் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளில் சேர்ப்பிக்கிறது. ஏரும் ஏற்றமும் கொண்டு உழைத்த காலத்தில் அச்சக்தி அன்றன்றே செலவாயிற்று. டிராக்டரும் மின்சாரப் பம்பும் வந்தபின், உழைப்புக் குறைந்த அளவுக்கு உணவும் குறையாவிடில், மிஞ்சியது கொழுப்பாகச் சேரும். நாளடைவில் இன்சுலினின் வேலை தளர்ந்து நீரிழிவு உண்டாகலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தாரும் நடத்தி, 2025-ம் வருஷம் வெளியான ஆராய்ச்சியின்படி, இந்தியர் பெறும் கலோரிகளில் நூற்றுக்கு 62 பங்கு இவ்வர்க்கத்தினின்றே கிடைக்கிறது. அரிசியை விடுத்து, அதற்கீடாகக் கோதுமை அல்லது சிறுதானிய மாவை உண்பதால் மட்டும் நீரிழிவு குறைவதாக அதில் காணப்படவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அதற்குப் பதில் பருப்பு, பால் முதலியவற்றின் புரதத்தை உண்போரிடமே குறைவு காணப்பட்டது. ஆகவே தானியத்தை மாற்றுவதினும் அதன் அளவைக் குறைப்பதே முக்கியமாகும்.

100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். புரதமோ 8 கிராமுக்கு மேற்படாது. துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராமும், நிலக்கடலையில் சுமார் 25 கிராமும் உண்டு. அன்றியும், அரிசியை மிகத் தீட்டுவதால் நார்ச்சத்தும் வைட்டமின்களும் தவிட்டோடு போய்விடுகின்றன.

அனுசரிக்க வேண்டியவை:

1. இலையில் பாதி காய்கறியும் கீரையும், கால்பாகம் சோறு அல்லது களி, கால்பாகம் பருப்பு, தயிர், முட்டை, மீன் ஆகியவற்றுள் இயன்றது இருத்தல் வேண்டும்.

2. வெல்லமும் சர்க்கரையே என்பதை மறத்தலாகாது.

3. நாள் முழுதும் வயலில் உழைப்போர்க்கும், குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் சோற்றை இவ்வாறு குறைத்தல் பொருந்தாது. நீரிழிவுக்கு மருந்துண்போர் வைத்தியரைக் கேட்டே குறைத்தல் வேண்டும். இன்றேல் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரலாம்.

4. வீட்டுக்கென வைக்கும் கடலையை நன்கு உலர்த்துதல் வேண்டும். பூசணம் பிடித்த பருப்பு நஞ்சாதலால் அதனை நீக்கிவிடுக.

நால்வருள்ள குடும்பத்தில் ஆளுக்குத் தினம் 30 கிராம் கடலைப்பருப்பு வீதம் வருஷத்திற்குச் சுமார் 44 கிலோ வேண்டும். இதற்கு 80 கிலோ கொண்ட காய் மூட்டை ஒன்றே போதும். நியாய விலைக் கடைகளில் வழங்கப்படும் துவரம்பருப்பை நிலமில்லாதாரும் தவறாது பெறும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிப்பார்களாக. விளைவு முழுவதையும் விலையாக்கி, அவ்விலையை மருந்துக்குச் செலவிடுவதினும், ஒரு மூட்டையை வீட்டில் நிறுத்திக்கொள்வது லாபகரமானது.