கரையோரத் தோட்டங்களில் வெடேலியா

அழகிற்காகக் கொணர்ந்த செடி தோட்டவேலியைக் கடந்து தொல்லையாவது நம் நாட்டிற்குப் புதிதன்று. உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஆகாயத்தாமரை அதன் இறுதியிலும் பூவின் பொருட்டே வங்காளத்திற்கு வந்தன. இன்று முன்னது காடுகளையும் பின்னது நீர்நிலைகளையும் அடைத்து நிற்கிறது. கேரளக் கரையோரத்திலும் அந்தமான் தீவுகளிலும் அவ்வாறே பரவி வருவது வெடேலியா. தாவர நூலார் இதனை ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்பர். இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா.

இனங்காணல்

இலைகள் எதிரெதிராக அமைந்து, தடித்துப் பளபளக்கும். பெரும்பாலும் மும்மடலாகப் பிளவுற்றிருக்கும். மலர் சிறு சூரியகாந்தி போன்று மஞ்சள் நிறமுடையது. நம் நாட்டு மஞ்சள் கரிசலாங்கண்ணி இதற்கு நெருங்கிய உறவினது. ஆயின் அதன் இலை குறுகி நீண்டது, மடல்களற்றது. இரண்டையும் மயங்கி, நல்ல மூலிகையைக் களைந்துவிடலாகாது.

பரவும் முறை

படரும் தண்டு கணுதோறும் வேர் விடுகிறது. ஒரு கணுவுள்ள சிறு துண்டும் புதுச்செடியாகும். ஆதலின் கத்தரித்த தண்டுகளை வாய்க்காலிலோ கரையிலோ கொட்டுவது நட்டு வைப்பதற்கு ஒப்பாகும். செடி பாய் விரித்தாற்போல் அடர்ந்து, பிற நாற்றுகளுக்கு ஒளி கிட்டாவண்ணம் மூடிவிடும். தானே வளரும் என்று தோட்டத்தில் போற்றப்படும் குணமே வெளியில் கேடாகிறது.

அகற்றும் முறை

மழைக்குப்பின் மண் இளகியிருக்கையில் வேரோடு பிடுங்குக. துண்டுகள் அனைத்தையும் திரட்டிச் சிமெண்டுத் தளத்தில் சருகாகும்வரை உலர்த்துக. சில வாரங்கள் கழித்து மீண்டும் அவ்விடத்தைப் பார்வையிட்டு, புதுத்தளிர்களை நீக்குக.

மாற்றுச் செடிகள்

ஈரமான பாத்திகளுக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி ஏற்றது. மணற்பாங்கான இடத்திற்கு அடம்பு சிறந்தது. இருபிளவான இலையும் ஊதாச்சாயல் மலரும் உடையது. அதுவும் கணுக்களில் வேர் விடுவதே. எனினும் நம் கரைக்கே உரிய கொடியாதலின் மணல்மேட்டைப் பிணித்துக் காக்கிறது. நிழலுக்குப் புன்னையும் பூவரசும், வேலிக்குத் தாழையும் பொருந்தும். மணல்மேட்டில் இயல்பாக வளரும் இராவணன்மீசைப் புல் முள்ளுடையதாயினும் மணலைக் காப்பதாதலின் அதனை அகற்றாதிருத்தல் நன்று.

வகுப்பறைச் சோதனை

கணுவுள்ள துண்டொன்றையும் கணுவற்ற துண்டொன்றையும் தனித்தனியே நீருள்ள கண்ணாடிக் குவளைகளில் இடுக. எதில் வேர் தோன்றுகிறது என மாணவர் நாள்தோறும் குறித்து வரட்டும். சோதனை முடிந்தபின் துண்டுகளை வெளியே எறியாமல் உலர்த்தி அழிப்பதும் இப்பாடத்தின் பகுதியேயாகும்.