தூக்குநூலும் கணிப்பொறியும்

கோவில்பட்டியைச் சூழ்ந்து பரந்து கிடப்பது கரிசற் பூமி. பருத்திக்கும் கம்புக்கும் அது தாய்மடி. வீடு கட்டுவோருக்கோ கடுஞ்சோதனை. மழை பெய்தால் அம்மண் நீரையுண்டு பருக்கும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆண்டுதோறும் இங்ஙனம் ஏறியிறங்கும் நிலத்தில் ஆழமின்றி அடித்தளம் இட்டால், சுவர்கள் பிளவுறும். தீப்பெட்டித் தொழிலில் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் அப்பிளவின் வழியே வீணாகும்.

ஆதலின் ஈரம் மாறாத ஆழம் வரை அடித்தளத்தை இறக்குதல் வேண்டும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய மண்ணுக்கேற்ப, அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த கான்கிரீட்டுத் தூண்களை வகுத்துள்ளனர். மண் பருத்து மேலே தள்ளும்பொழுது, அக்குமிழ் நங்கூரம்போல் தூணைப் பற்றி நிறுத்தும்.

அடித்தளம் உறுதியானால் மட்டும் போதுமா? போதாது. கீழ்த்தளத்துத் தூணுக்கு நேர்மேலே மேல்தளத்துத் தூண் நிற்றல் வேண்டும். நீர்க்குடம் சுமந்து வரும் பெண்ணை நோக்குக. குடம் தலைக்கு நேரே உள்ளவரை அவள் கழுத்து வருந்துவதில்லை. சற்றே விலகினும் கழுத்து வளைந்து வலியெடுக்கும். அவ்வாறே மேல்தூண் விலகி நின்றால், நேராக இறங்க வேண்டிய சுமை, தூணையோ உத்திரத்தையோ வளைக்கும். மேல்தளத்துக் குளியலறையும் கீழ்த்தளத்துக் குளியலறைக்கு நேரே அமைந்தால்தான் குழாய்கள் வளையாது கீழிறங்கும்.

இவ்வுண்மையை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலையில், 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் எழுந்த வெட்டுவான் கோவில் இதற்குச் சான்று. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி அதனை உருவாக்கினர். சிகரம் முதலில், அடிப்பகுதி இறுதியில்! மேலே ஓர் அளவு பிழைத்தால், வெட்டிய கல்லை மீண்டும் ஒட்டுதல் இயலாது. எனவே, இன்னும் வெட்டப்படாத அடித்தளத்தையும் மனத்தில் நிறுத்தியே அச்சிற்பிகள் உளியை ஓட்டியிருத்தல் வேண்டும். அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நின்ற அக்கோவில், அவர்கள் வேலை செய்த முறையை இன்றும் காட்டி நிற்கிறது.

இக்காலப் பொறியாளர் அம்மனக்கண்ணின் வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கின்றனர். முதலில் நெடுக்கும் குறுக்குமாக அச்சுக்கோடுகள் வரையப்படும். அவை எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவை. பின்னர் ஒவ்வொரு தளத்தின் உயரமும் குறிக்கப்படும். கோடுகள் வெட்டும் இடத்தில் தூண் அமையும். ஒரு தளத்தில் அமைத்த தூணையோ சுவரையோ தேர்ந்தெடுத்து, ‘அதே இடத்தில் மேல்தளங்களிலும் அமைக்க’ என்று ஆணையிட்டால், நெடுக்கமும் குறுக்கமும் மாறாமல் உயரம் மட்டும் மாறி அது படியும். கீழ்த்தளத்தின் வரைபடத்தை வெளிறிய கோடுகளாக அடியில் தெரியச் செய்து, மேல்தளத்தோடு ஒத்துப் பார்த்தலும் கூடும்.

ஆயினும் கணிப்பொறி சொன்னதையே செய்யும், சொல்லாததைச் செய்யாது. படியெடுத்த தூண்களை அச்சுக்கோட்டோடு பிணைக்காமல் விட்டால், பின்னொரு நாள் கீழ்த்தூணை நகர்த்தும்பொழுது மேல்தூண் பழைய இடத்திலேயே நின்றுவிடும். ஆதலின் ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் எல்லாத் தளங்களையும் ஒப்புநோக்குதல் கடமையாகும்.

திரையில் நேராக நிற்கும் தூண், களத்திலும் நேராக நிற்க வேண்டுமன்றோ? அங்கே கொத்தனாரின் தூக்குக்குண்டே நடுவர். நூலின் முனையில் தொங்கும் அச்சிறு குண்டு, நிலத்தின் ஈர்ப்பையன்றி வேறெதற்கும் பணிவதில்லை. வரைபடத்தின் தெளிவும் தூக்குநூலின் நேர்மையும் ஒன்றுபடும் இடத்தில், கரிசல் மண்ணிலும் மாடிகள் நிமிர்ந்து நிற்கும்.