தோள்வலி: படத்துக்கு முன் கையைப் பாருங்கள்

தோள்வலியை நெடுநாள் சுமந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: “வேலை செய்கிற கை வலிக்கத்தான் செய்யும்” என்று பனடோல் கொடுத்து அனுப்புவது நோய்நிர்ணயம் ஆகாது. இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கம் கொழுந்து பறிக்கிறவர்களும் ஏணியில் நின்று மிளகு பறிக்கிறவர்களும் அடிக்கடி கேட்கிற பதில் இது. வேலை காரணமாக இருக்கலாம். உள்ளே எது கெட்டிருக்கிறது என்பதை அந்தப் பதில் சொல்லாது. சொல்லக்கூடியது ஒரு சின்னப் பரிசோதனை. முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். உங்களாலும் முடியவில்லை, வைத்தியர் பிடித்துத் திருப்பினாலும் வரவில்லை, எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்வும் இல்லை என்றால், அது பெரும்பாலும் மூட்டுறை இறுகிய ‘உறைந்த தோள்’. நீங்கள் தூக்க முடியாத கை அவர் தூக்கினால் எழும்புகிறதா? தசைநார் கிழிந்திருக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது வலி விரல்வரை ஓடினால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும்.

கிளினிக்கில் அவ்வளவு கூட்டம், இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும், இயந்திரமும் வேண்டாம். உறைந்த தோளுக்குப் பெயர் வைத்த அமெரிக்க வைத்தியர் ஏர்னஸ்ட் கொட்மன் 1934இலேயே இந்த அசைவுக் குறைவை எழுதிவிட்டார். ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பவர்களுக்கும் பதில் உண்டு. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 1995ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதத்தினருக்குத் தசைநார் கிழிசல் இருந்தது. கையை அசைத்துப் பார்க்காமல் படத்தை மட்டும் நம்பினால், வலிக்குச் சம்பந்தமில்லாத கிழிசலுக்கு வைத்தியம் செய்ய நேரும்.

எண்ணெய் போட்டுச் சுகமானவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உறைந்த தோள் பலருக்கு ஓரிரு வருடங்களில் தானாகவே தளரும். பெயர் எண்ணெய்க்குப் போகும். கிழிந்த தசைநார் அப்படிக் காத்திருக்காது. சீனி வருத்தக்காரருக்கு உறைந்த தோள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், இரத்தத்தில் சீனியைப் பார்க்காமல் தடவிக்கொண்டே இருப்பது அந்த நோயையும் மறைத்துவிடும். மார்பு இறுக்கம், வியர்வையோடு தோள் வலித்தால் எதற்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி, ஒருநாள் பேரை விட்டு மாத்தளைக்கு பஸ் ஏறுகிற நமக்கு அந்த நாள் வீணாகக் கூடாது. துண்டு எழுத முன், “டொக்டர், என் கையை நீங்கள் ஒருதரம் திருப்பிப் பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, நம் உரிமை.