சிறுகச் சிறுகக் கூடும் வலிமை: எடைப் பயிற்சியில் சீரான முன்னேற்றம்

அறுவைச் சிகிச்சையோ நீண்ட காய்ச்சலோ முடிந்து வீடு திரும்பும் பலர், நோய் நீங்கிய பின்னரும் தளர்ச்சி நீங்கவில்லை என்று வருந்துகின்றனர். நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. கழிவறையில் அமர்ந்தால் எழத் துணை தேவைப்படுகிறது. இதற்குத் தசை இழப்பு ஒரு முக்கியக் காரணமாகும். 2007-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த முதியோர் 10 நாள்கள் படுக்கையிலேயே இருந்தனர். அதற்குள் அவர்களுடைய கால்களில், கொழுப்பு நீங்கலான திசு ஏறத்தாழ 1 கிலோ குறைந்துவிட்டது.

இழந்ததை மீட்க வழி உண்டு. 1990-இல் வெளியான மற்றோர் ஆய்வில், அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, சராசரி வயது 90 உடைய 10 பேர் மருத்துவக் கண்காணிப்பில் கால்களுக்கான எடைப் பயிற்சியைத் தொடங்கினர். 8 வாரப் பயிற்சியை நிறைவு செய்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. முதுமை இதற்குத் தடையாகவில்லை.

மருத்துவமனையில் வளர்ந்த முறை

எடைப் பயிற்சி இளைஞர்களுக்கும் மல்லர்களுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுவோர் உளர். ஆனால் எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறை மருத்துவத்தில் வேரூன்றியது ஒரு மருத்துவமனையில்தான். இரண்டாம் உலகப் போரின்போது தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க ராணுவ மருத்துவர், முழங்கால் காயமுற்ற வீரர்களுக்கு இம்முறையில் பயிற்சி அளித்து, 1945-இல் அதன் பயனை வெளியிட்டார். ஒருவர் சரியாக 10 முறை தூக்கக்கூடிய எடையைக் கண்டறிதல், அந்த எடையின் பாதி, முக்கால், முழு அளவு என மூன்று சுற்றுகள் செய்தல், பின்னர் மீண்டும் அளந்து எடையைக் கூட்டுதல் என்பதே பிற்பாடு செம்மைப்படுத்தப்பட்ட அவரது முறையின் சாரம்.

எங்கிருந்து தொடங்குவது?

போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் பார்பெல்லின் வெற்றுத் தண்டே 20 கிலோ. பெண்களுக்கானது 15 கிலோ. நம் வீட்டுச் சமையல் உருளையில் உள்ள வாயுவின் எடை 14.2 கிலோ என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். எனவே நோயிலிருந்து மீள்பவர் பார்பெல்லில் தொடங்கலாகாது. முதலில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல்; பின்னர் இரு கைகளிலும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளை ஏந்தி அதையே செய்தல்; அதன்பின் சிறு டம்பெல்; இறுதியாக, இயன்முறை மருத்துவர் இசைந்தால், இலகுவான தண்டு.

எப்போது கூட்டுவது?

1. ஓர் எடையை 8 முறை பிழையின்றிச் செய்ய முடிந்தால், எடையைக் கூட்டாமல் எண்ணிக்கையை 12 வரை உயர்த்துக.

2. அடுத்தடுத்த இரண்டு பயிற்சிகளிலும் 12 முறை எளிதாக முடிந்தால் மட்டுமே எடையைக் கூட்டி, மீண்டும் 8-இலிருந்து தொடங்குக.

3. மிகச் சிறிய அளவே கூட்டுக. தண்டின் இருபுறமும் 1.25 கிலோ வட்டுகளைச் சேர்த்தால் 2.5 கிலோ கூடும். 50 கிலோ தூக்குபவருக்கு அது 5 விழுக்காடு. 10 கிலோ தூக்குபவருக்கோ கால் பங்கு. ஆகவே தொடக்க நிலையினருக்கு அரைக் கிலோ வட்டுகளே ஏற்றவை.

4. வாரத்திற்கு 2 அல்லது 3 நாள்கள் போதும். தசை வலுப்பெறுவதற்கு ஓய்வும் வேண்டும். இடையில் ஒரு நாளேனும் விடுக.

முதல் சில வாரங்களில் வலிமை விரைவாகக் கூடும். அப்போது தசை பெரிதாவதில்லை. இருக்கும் தசையைத் திறம்பட இயக்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. தசை இழைகள் தடிப்பது அதன் பின்னரே. ஆதலால் இரண்டாம், மூன்றாம் மாதங்களில் வேகம் குறைந்தால் மனம் தளர வேண்டா.

பின்னடைவும் பயணத்தின் பகுதியே

நசரத்பேட்டை வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வேலூர் வரும். அங்குள்ள சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்ட்டில் அதே பிரிவில் அவர் தூக்கியது 317 கிலோ. நான்காண்டுகளுக்குப் பின் 11 கிலோ குறைவு. எனினும் அதுவும் தங்கமே. தேர்ந்த வீரரின் பாதையே நேர்கோடாக இல்லாதபோது, காய்ச்சலோ உறக்கமின்மையோ வந்த வாரத்தில் நமது அளவு குறைவது தோல்வியன்று. அவ்வாரம் எடையைச் சற்றுக் குறைத்துத் தொடர்க.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

ஒரு குறிப்பேட்டில் நாள், எடை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வையுங்கள். நோயாளி தம்மால் எழ முடிகிறபோது விரைந்து தூக்கிவிடாதீர்கள். அருகில் நின்று காத்திருங்கள். பருப்பு, முட்டை, மீன், தயிர் முதலிய புரத உணவுகளை வேளைதோறும் பகிர்ந்து அளியுங்கள். சிறுநீரக நோயுள்ளோருக்குப் புரத அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எச்சரிக்கைகள்

• மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் திடீரென உயரும். தூக்கும்போது மூச்சை வெளிவிடுக, இறக்கும்போது உள்ளிழுக்க.

• இதய அறுவைச் சிகிச்சை, குடலிறக்கம், நீரிழிவால் விழித்திரை பாதிப்பு, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரின் அனுமதியின்றித் தொடங்கலாகாது.

• இன்சுலின் செலுத்திக்கொள்வோர் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். உழைக்கும் தசை சர்க்கரையை ஈர்ப்பதால் அளவு தாழக்கூடும்.

• நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மூட்டில் குத்தும் வலி தோன்றினால் உடனே நிறுத்துக. நெஞ்சுவலி தணியாவிடில் தாமதமின்றி 108-ஐ அழைக்க.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது அந்தக் குறிப்பேட்டையும் உடன் கொண்டு வாருங்கள். துணையின்றி எழுந்து நின்ற நாளை அதில் தவறாமல் குறித்திருங்கள்.