நாய் விடுதிக்குப் பினாயில் மணம் வேண்டாம்

கேள்வி:

அய்யம்பாளையத்தில் எங்கள் தென்னந்தோப்புக்குள் சிறிய நாய் விடுதி நடத்துகிறோம். கொடைக்கானல், தாண்டிக்குடிப் பக்கம் சுற்றிப்பார்க்கப் போகிறவர்களும், வெளியூர்க் கல்யாணம் காட்சிக்குப் போகிறவர்களும் நாயை எங்களிடம் விட்டுச் செல்கிறார்கள். காலையும் மாலையும் கறுப்புப் பினாயில் ஊற்றித்தான் கூண்டுகளைக் கழுவிவந்தோம். அண்மையில் ஒரு ராஜபாளையம் நாய்க்கு உள்ளங்கால் சிவந்து, ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தது. உடனே பினாயிலை நிறுத்திவிட்டோம். இனி வினிகர், வேப்பெண்ணெய், யூகலிப்டஸ் தைலம் என்று மாறலாமா? கடுமையான ரசாயனம் இல்லாமல் கூண்டுகளைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியுமா?

— ஒரு வாசகி, அய்யம்பாளையம்

கால்நடை மருத்துவரின் பதில்:

பினாயிலை நிறுத்தியது நல்ல முடிவு. அன்றாடச் சுத்தத்துக்கு விளக்குமாறு, சோப்பு, தண்ணீர், வெயில் ஆகிய நான்குமே போதும். ஆனால் சில நாட்களில் மட்டும் உண்மையான கிருமிநாசினி ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த நாட்கள் எவை என்று தெரிந்து நடத்துவதுதான் நல்ல விடுதி.

கறுப்புப் பினாயிலில் இருப்பவை நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பீனால் வகைப் பொருள்கள். நாம் செருப்போடு நடக்கும் தரையில் நாய் வெறுங்காலோடு நிற்கிறது, வயிறு பட்டுப் படுக்கிறது, பிறகு காலை நக்குகிறது. தோலைச் சுட்ட மருந்து அப்படியே வயிற்றுக்கும் போகிறது. ராஜபாளையம் நாயின் வெள்ளை முடிக்குக் கீழே தோல் இளஞ்சிவப்பாக இருப்பதால் உங்கள் கண்ணில் பட்டது. கோம்பை, சிப்பிப்பாறை நாய்களுக்கும் இதே எரிச்சல் வரும். நிறத்தால் தெரியாமல் போகலாம். பூனைகளையும் ஏற்பதாக இருந்தால் பினாயில் பாட்டிலே விடுதிக்குள் இருக்கக் கூடாது. பீனாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

தினமும் செய்ய வேண்டியது

முதலில் நாயை வெளியே கட்டுங்கள். நாய் உள்ளே நிற்கும்போது குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது.

அடுத்து, மலத்தைத் தண்ணீர் ஊற்றாமல் அப்படியே அள்ளுங்கள். தண்ணீரைப் பீய்ச்சினால் சுவரிலும் பக்கத்துக் கூண்டிலும் தெறிக்கும். தினமும் அள்ளுவதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. நாயின் மலத்தோடு வெளிவரும் உருண்டைப்புழு முட்டை, தொற்றக்கூடிய நிலைக்கு முதிர வாரக்கணக்கில் ஆகும். கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, சுமார் ஒரு வாரத்தில், வெறுங்காலோடு நடக்கும் மனிதரின் தோலைத் துளைக்கும் பருவத்தை அடைந்துவிடும். உருண்டைப்புழு முட்டையை பிளீச்சிங் திரவம்கூடக் கொல்லாது. முட்டை முதிர்வதற்கு முன்பே அள்ளிவிடுவதுதான் மருந்து.

மூன்றாவது, சோப்பு. பாத்திரம் துலக்கும் மிதமான சோப்பு போதும். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரும் அழுக்கை எடுக்கும், கண்ணில் மட்டும் படக் கூடாது. தேய்க்கும் தேய்ப்புத்தான் முக்கியம். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயின் வைரஸுக்கு மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு பட்டாலே அது உடைந்துவிடும்.

நான்காவது, நன்றாக அலசி, வைப்பரால் தண்ணீரை வழித்துத் தள்ளி, தரை முழுக்கக் காய்ந்த பிறகே நாயை உள்ளே விடுங்கள். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி ஈரத்தில்தான் வாழும். காய்ந்த தரையில் செத்துவிடும். தோப்பு என்றால் எலி இருக்கும். ஆகவே இரவில் சாப்பாட்டுத் தட்டைக் கூண்டில் விட்டுவைக்காதீர்கள். கழுவுகிறவர் கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட வேண்டும். இந்தக் காய்ச்சல் மனிதருக்கும் வரும்.

நீங்கள் கேட்ட மூன்று பொருள்கள்

வினிகர் சிறுநீர் நாற்றத்தையும், டைல்ஸிலும் எவர்சில்வர் தட்டிலும் படியும் உப்புக்கறையையும் நீக்கும். சிமெண்டுத் தரையை அரித்துவிடும். அதைக் கிருமிநாசினி என்று நம்பாதீர்கள். நாய்களுக்கு ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸை அது ஒன்றும் செய்யாது.

வேப்பெண்ணெய் தரையில் ஊற்றினால் வழுக்கும், அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொடைக்கானல் கடைகளில் வாங்கும் யூகலிப்டஸ் தைலம் நம் ஜலதோஷத்துக்கு இதமாக இருக்கலாம். நாய் அதை நக்கினால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், தள்ளாடும். டீ ட்ரீ எண்ணெயும் அப்படித்தான். அந்துருண்டையும் கற்பூரமும் கூண்டின் பக்கமே வரக் கூடாது. இயற்கையில் கிடைப்பதெல்லாம் நாய்க்கு நல்லது என்று எண்ணிவிட வேண்டாம்.

உங்கள் ஊருக்கென்று ஒரு கவனிப்பு

மலையடிவாரம், பக்கத்தில் மருதாநதி, தலைக்கு மேல் தென்னை நிழல். வெயில் தாங்காத நாய்களுக்கு இது சுகமான இடம். ஆனால் நிழலும் ஈரமும் கிருமிக்கும் சுகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை காயவே காயாது. அதனால் கூண்டுத் தரைக்கு ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம் கொடுத்து, தண்ணீர் தேங்காமல் வடியவிடுங்கள். காலை வெயில் தரையில் விழும்படி மட்டைகளைக் கழித்துவிடுங்கள். விரிப்பு ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு இருக்கட்டும். ஒன்று வெந்நீரில் துவைத்து வெயிலில் காயும்போது மற்றொன்று உள்ளே இருக்கும்.

சுவர் விரிசல்களைப் பூசி அடையுங்கள். நாய் உண்ணி அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது நல்ல பழைய வழக்கம். நன்றாகக் காய்ந்த பிறகே நாயை விட வேண்டும், ஈரச் சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும்.

அள்ளிய மலத்தைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில் குழி வெட்டிப் புதையுங்கள். காய்கறிப் பாத்திக்கு உரமாகப் போடாதீர்கள். கழுவிய தண்ணீர் மருதாநதிக்குப் போகும் வாய்க்காலில் கலக்கக் கூடாது.

கிருமிநாசினி கட்டாயம் வேண்டிய நாள்

ஒரு நாய் ரத்தக்கழிச்சலோடு வாந்தி எடுத்தால் பார்வோவைச் சந்தேகியுங்கள். 1978-இல் அடையாளம் காணப்பட்ட இந்த நோய் இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. செருப்பிலும் துணியிலும் ஒட்டிப் பயணம் செய்யும். நிழலான ஈர இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சோப்பு, வினிகர், பினாயில் எதற்கும் இந்த வைரஸ் சாகாது. இங்கே மட்டும் ரசாயனத்தை மறுக்காதீர்கள்.

5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங்) திரவத்தில் 30 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். சோப்புப் போட்டு அலசிய தரையில் இதை ஊற்றி, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டு, பிறகு அலசிக் காயவிடுங்கள். மலமோ சிறுநீரோ இருக்கும் தரையில் ஊற்றினால் மருந்தின் வீரியம் அங்கேயே போய்விடும். சிறுநீரோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயுவும் கிளம்பும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரியுங்கள். வினிகரோடும் கழிவறை கழுவும் அமிலத்தோடும் இதை ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு உருவாகி ஆளையே வீழ்த்திவிடும். மண்தரையை இப்படிச் சுத்தப்படுத்த முடியாது. நோய்ப்பட்ட நாய் நடமாடிய மண்தரையில் குட்டிகளைப் பல மாதங்களுக்கு விடாதீர்கள். அந்தக் கூண்டின் விளக்குமாறும் வாளியும் வேறு கூண்டுக்குப் போகக் கூடாது. நாயை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்தில் தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

பழைய நாய் போய்ப் புதிய நாய் வரும் இடைவெளியிலும் ஒருமுறை இதே முறையில் கழுவிவிடுங்கள். மற்ற நாட்களுக்குச் சோப்பும் வெயிலும் போதும்.

கடைசியாக ஒன்று. எந்தக் கழுவலும் தடுப்பூசிக்கு ஈடாகாது. நாயை விட வருகிறவரிடம் தடுப்பூசி அட்டையை முதலில் கேளுங்கள். குட்டி என்றால், 16 வார வயதுக்குப் பிறகு போடும் ஊசிவரை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அட்டை இல்லாத நாயை, எவ்வளவு வேண்டியவர் கொண்டுவந்தாலும், உள்ளே சேர்க்காதீர்கள்.