தலைக்கு 430 ரூபாய்: விரிதாளில் நம்பகமான கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தஞ்சாவூருக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லத் திட்டமிட்டோம். கணித ஆசிரியர் என்பதால் செலவுக் கணக்கு என் பொறுப்பானது. விரிதாளில் நான்கு வரிகள் இட்டேன். பேருந்து வாடகை 12,000, காலைச் சிற்றுண்டி 1,600, மதிய உணவு 2,800, நுழைவுக் கட்டணம் 800. மொத்தம் 17,200 ரூபாய். மாணவர்கள் 40 பேர். தலைக்கு 430 ரூபாய் என்று வகுப்பில் அறிவித்தேன்.

மறுநாள், விட்டுப்போன செலவுகள் நினைவுக்கு வந்தன. ஓட்டுநர் படி, சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவற்றுக்கு 1,600, மாலைத் தேநீர், சுண்டலுக்கு 800 என்று இரண்டு வரிகளைக் கீழே சேர்த்தேன். கூட்டல் சூத்திரமோ பழைய நான்கு வரிகளையே கூட்டிக்கொண்டிருந்தது. திரையில் 430 மாறவில்லை. கணினி போட்ட கணக்கு என்பதால் நானும் சரிபார்க்கவில்லை.

சுற்றுலாவுக்கு இரண்டு நாள் முன்புதான் 2,400 ரூபாய் குறைவது தெரிந்தது. "ஆளுக்கு இன்னும் 60 ரூபாய் கொண்டுவாங்க" என்றேன். மறுநாள் மூன்று மாணவியர், "ஊருக்குப் போறோம் சார், நாங்க வரல" என்று கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டனர். 37 பேருடன் போய்வந்தோம். ஆள் குறைந்ததால் மேலும் 1,020 ரூபாய் குறைந்தது. உடன் வந்த ஆசிரியர்கள் மூவரும் ஆளுக்கு 340 ரூபாய் போட்டு ஈடுகட்டினோம்.

அந்த மூவரும் எந்த ஊருக்கும் போகவில்லை. பிறகொரு நாள் பள்ளிக்கு வந்த ஒரு தாய் சொன்னார்: "430ன்னு சொன்னீங்க, சேத்து வச்சுக் குடுத்தேன் சார். திடீர்னு இன்னும் கேட்டா எங்க போறது?" என்னிடம் பதில் இல்லை.

அறிஞர்களுக்கும் நேர்ந்தது

இதே வகைப் பிழை பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2010இல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் பொருளியல் அறிஞர்கள், அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காடு என்று எழுதினர். பல நாடுகளின் கொள்கை விவாதங்களில் அக்கட்டுரை எடுத்துக்காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். விடை பொருந்தவில்லை. மூல விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, 20 நாடுகளில் 5 நாடுகளைச் சராசரிச் சூத்திரம் விட்டுவிட்டிருந்தது தெரிந்தது. தரவுத் தேர்வு, சராசரி எடுத்த முறை ஆகியவற்றையும் அவரும் அவருடைய ஆசிரியர்களும் திருத்தியபின் விடை 2.2 விழுக்காடு என்றாயிற்று. 2013இல் இது வெளிவந்ததும் சூத்திரப் பிழையை அறிஞர்கள் ஒப்புக்கொண்டனர். எனினும் பொருளியல் முடிவு குறித்த வாதம் தொடர்ந்தது. பிழையைப் பிடித்தவர் ஒரு மாணவர் என்பதுதான் என்னை வகுப்பறைக்கு இட்டுச் சென்றது.

வகுப்பறையில்

அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, என் பழைய சுற்றுலாக் கணக்கையே பாடமாக வைத்தேன். நான் செய்த பிழையை மறைக்காமல் சொன்னேன். பிறகு குழுவாக அமர்ந்து புதிய கணக்கை அமைத்தோம். நாங்கள் வகுத்துக்கொண்ட விதிகள் இவை.

1. உள்ளீடு, கணக்கீடு, விடை ஆகிய மூன்றும் தனித்தனி இடத்தில் இருக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை, வாடகை, ஒருவருக்கான உணவுச் செலவு போன்று நாம் தட்டச்சு செய்பவை எல்லாம் நீல நிறம். சூத்திரம் தருபவை கறுப்பு நிறம். விலை மாறினால் நீலத்தை மட்டும் தொட்டால் போதும்.

2. சூத்திரத்துக்குள் எண்ணை எழுதக் கூடாது. "40ஆல் வகு" என்று எழுதினால், 37 பேர் வந்தாலும் அது 40ஆல்தான் வகுக்கும். எண்ணிக்கை இருக்கும் கட்டத்தைச் சுட்ட வேண்டும். சூத்திரத்தை மற்ற கட்டங்களுக்கு இழுக்கும்போது அந்தச் சுட்டல் நகராமலிருக்க டாலர் குறி இட வேண்டும்.

3. மாறாச் செலவையும் மாறும் செலவையும் பிரிக்க வேண்டும். பேருந்து, ஓட்டுநர் படி முதலியன சேர்ந்து 13,600. எத்தனை பேர் வந்தாலும் இது மாறாது. உணவு, தேநீர், நுழைவு ஆகியவை ஒருவருக்கு 150. 40 பேர் என்றால் கட்டணம் 490, 30 பேர் என்றால் 603. நால்வர் பின்வாங்கினால் மற்றவர்களின் சுமை எவ்வளவு கூடும் என்பதை மாணவர்களே கணக்கிட்டனர்.

4. சரிபார்ப்பு வேறு வழியில் நடக்க வேண்டும். 430ஐ 40ஆல் பெருக்கினால் 17,200 வருகிறது, மொத்தமும் 17,200, ஆகவே சரி என்று ஒரு குழு சொன்னது. ஆனால் விடுபட்ட வரிகள் விடுபட்டபடியே இருந்தன. அதே மொத்தத்தை வகுத்துப் பெருக்கினால் அதே மொத்தம்தான் வரும். 13,600 உடன் 150 பெருக்கல் 40ஐக் கூட்டினால் 19,600. இது வரிகளின் மொத்தத்தோடு பொருந்தாவிட்டால் "பிழை" என்று காட்ட ஒரு கட்டம் வைத்தோம்.

5. விளிம்பு எண்களை இட்டுப் பார்க்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை பூச்சியம் என்றால் மொத்தம் 13,600 காட்டியது. கட்டணக் கட்டத்தில் பூச்சியத்தால் வகுத்ததற்கான பிழைச்செய்தி வந்தது. இரண்டும் எதிர்பார்த்தவையே. 80 என்று இட்டதும் கட்டணம் 320 என்று வர, வகுப்பே மகிழ்ந்தது. பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "சார், 80 பேர் ஒரே பஸ்ல எப்படிப் போவாங்க?" என்று கேட்டாள். அன்றைய சிறந்த கேள்வி அதுதான். பேருந்தின் 50 இருக்கைகளையும் உள்ளீடாகச் சேர்த்தோம். இரண்டு பேருந்து, இரண்டு ஓட்டுநர் என்றதும் கட்டணம் மீண்டும் 490 ஆனது. அவள் பிடித்தது சூத்திரப் பிழையை அன்று. கணக்குக்குள் ஒளிந்திருந்த அனுமானத்தை.

பிழை தேடும் விளையாட்டு

அடுத்த பாடவேளையில் மூன்று பிழைகளை ஒளித்துவைத்த விரிதாளைக் குழுக்களுக்குக் கொடுத்தேன். குறைந்த வரிகளைக் கூட்டும் சூத்திரம் ஒன்று. சூத்திரத்துக்குள் எழுதிய எண் ஒன்று. மூன்றாவதாக, ஒரு கட்டத்தில் 800 என்பதற்குப் பதில் "800 ரூ." என்று தட்டச்சு செய்திருந்தேன். கணினி அதை எழுத்தாகக் கொண்டு கூட்டலில் சேர்க்காது. முதல் இரண்டையும் எல்லாக் குழுக்களும் கண்டுபிடித்தன. மூன்றாவதைக் கண்டுபிடித்தவர்கள், தாளில் கையால் கூட்டிப் பார்த்த குழுவினர் மட்டுமே.

கணினி போதாத பள்ளிகளில் இதைக் கட்டமிட்ட தாளிலேயே நடத்தலாம். ஒரு குழு போட்ட கணக்கை மற்றொரு குழு சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம். நம் பிழை நம் கண்ணில் எளிதில் படாது.

அந்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு மாணவர்கள் அமைத்த விரிதாளையே பயன்படுத்தினோம். எதிர்பாராச் செலவுக்கென ஒரு வரியையும் அவர்களே சேர்த்தார்கள். வேறொரு குழுவும் உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவரும் சரிபார்த்தபின்தான் கட்டணத்தை அறிவித்தேன். அதன்பின் யாரிடமும் மறுபடி பணம் கேட்கவில்லை. பெயர் கொடுத்த 42 பேரும் வந்தார்கள்.