வெல்டிங் மெஷினுக்கு முன் வீட்டு பிளக்கைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவர் '200 ஆம்பியர்' என்ற எழுத்தைப் பார்த்தே மயங்கிவிடுகிறார். வீட்டு மூன்று முள் பிளக் தாங்குவதோ 13 ஆம்பியர், ஏறக்குறைய 3,000 வாட். 3.2 மி.மீ. வெல்டிங் குச்சிக்கு 110 ஆம்பியர் கொடுத்து ஓட்டினால், மெஷின் பிளக்கிலிருந்து இழுப்பது அந்த அளவை மீறிப்போகும், பிளக் கருகும். 2.6 மி.மீ. குச்சி 70 ஆம்பியரில் அதற்குள் அடங்கும். ஆகவே கற்றுக்கொள்கிறவருக்குச் சின்ன மெஷினே போதும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். தடித்த ஒயரையும் சுருளாக விடாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். பழைய தோட்ட வீடென்றால் வயரிங்கைச் சோதித்த பிறகே தொடங்குங்கள்.

'சின்ன மெஷின் கேட்டுக்கு ஆகுமா?' என்பார்கள். வீட்டுக் கேட், கிரில்லுக்குப் போடும் கட்டக் குழாயின் தகடு பெரும்பாலும் 2 மி.மீ.க்கும் குறைவு, கரண்டைக் கூட்டினால் ஓட்டைதான் விழும். 'நாலு பொட்டு வைக்க முகமூடி எதற்கு?' என்பது அடுத்த வாதம். வெல்டிங் வெளிச்சத்தால் கண்ணில் மணல் விழுந்ததுபோல ஏற்படும் எரிச்சல் உடனே வராது, சில மணி நேரம் கழித்து, தூங்கப்போகும்போதுதான் வரும். வெயில் கண்ணாடி இதற்கு உதவாது. 10 அல்லது 11ஆம் எண் கண்ணாடி போட்ட முகமூடி வேண்டும். நாகம் பூசிய குழாயென்றால் பூச்சை நீக்கிவிட்டு வெட்டவெளியில் ஒட்டுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வியர்வையில் நனைந்த கையுறையோடு குச்சியை மாற்றாதீர்கள்.